குப்புறப் படுத்துப் பார்த்த சென்னை

ஈப்போவிலிருந்து சென்னைக்குப் போகிற எங்கள் ஆட்கள் கோயில் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போவார்கள். நான் கண்ணுக்காகப் போனேன். இடது கண்ணின் வெளி ஓரத்தில் ஒரு கறுப்புத் திரை தொங்கத் தொடங்கியிருந்தது. முதலில் கையால் விலக்கிவிடலாம் போல இருந்தது. சில நாட்களிலேயே மூக்கை நோக்கி நகர்ந்து வந்துவிட்டது.

எனக்கு வலது கண் பிறவியிலேயே மந்தம். நிறம் தெரியும், உருவம் தெரியும், எழுத்து தெரியாது. ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெறும்வரை நான் வாசித்ததெல்லாம் இடது கண்ணின் புண்ணியம். அந்தக் கண்ணுக்குள்ளே விழித்திரை கழன்றுகொண்டிருக்கிறது, உடனே அறுவை செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். சென்னையில் இதற்கென்றே கைராசியான ஒரு டாக்டரம்மா இருப்பதாக என் மைத்துனர் சொன்னார். நானும் என் மனைவி சரோஜாவும் கிளம்பிவிட்டோம். சரோஜாவுக்கு விமானம் என்றாலே பயம். இந்தத் தடவை அந்தப் பயத்துக்கு நேரமில்லாமல் போயிற்று.

மெட்ராஸ் என்ற பெயரைச் சென்னை என்று மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடைப் பலகைகளில் இரண்டும் இருந்தன. ஆட்டோக்காரர், நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் நான் போகிற இடம் ஒன்றுதான் என்றார். எங்கள் பேச்சில் இருந்த மலேசிய இழுப்பைக் கேட்டுவிட்டு, சிங்கப்பூரா என்று கேட்டார். இல்லை, மலேசியா என்றோம். அவருக்கு அதுவும் சிங்கப்பூர்தான்.

அறுவைக்கு முந்தின நாள் ஒன்றுதான் நான் அந்த ஊரில் நிமிர்ந்த தலையோடு நடந்தது. மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டோம். எங்கள் ஊர் இட்லி கையில் கனக்கும். இங்கே விரல் பட்டதுமே பிய்ந்தது. சாம்பாரை வாளியில் கொண்டுவந்து கேட்காமலே ஊற்றினார்கள். காப்பியைப் பார்த்த சரோஜா, மருந்து மாதிரி இத்துனூண்டு தருகிறார்களே என்றாள். ஈப்போவில் கோப்பி பெரிய கண்ணாடிக் குவளையில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு பேப்பரை முழுதாகப் படித்துவிடலாம்.

அவள் தி. நகரைப் பார்க்க ஆசைப்பட்டதால் அங்கேயும் போனோம். அந்தக் கூட்டத்தில் யாருடைய முழங்கையாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து, ஒரு பாத்திரக்கடை வாசலில் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். எவர்சில்வர் குடங்கள் வெயிலில் மின்னின. இனி இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ என்று ஒவ்வொரு குடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் புருஷனிடம் சொன்னது காதில் விழுந்தது: "இன்னாய்யா இது, அந்தாளு கடையயே முழுங்கிடறாப்பல பாக்கறாரு."

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் கஷ்டமே இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். "கண்ணுக்குள்ள ஒரு காத்துக் குமிழி வச்சிருக்கோம். குமிழி எப்பவும் மேலதான் போகும். நீங்க குனிஞ்சே இருந்தா அது பின்பக்கம் போய், கழண்ட இடத்த அழுத்திப் பிடிச்சுக்கும். நிமிர்ந்தீங்கன்னா விட்டுடும். சாப்பிடும்போதும் தரை, தூங்கும்போதும் தரை. அவ்வளவுதான்." குமிழி கரைகிற வரை விமானம் ஏறக் கூடாது. கண்ணில் வலி அதிகமானால் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு உடனே வந்துவிட வேண்டும்.

அப்படியாக நான் சென்னைக்குப் போய் அதன் தரைகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

கோட்டூர்புரத்தில், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு அறை கிடைத்திருந்தது. மாடியில் வீட்டுக்காரர் ஜானகி டீச்சர் தனியாக இருந்தார். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். நான் எப்படிப் படுப்பது என்று சரோஜா திகைத்தபோது, அவர் எங்கிருந்தோ ஒரு நாடாக் கட்டில் வாங்கிவந்தார். தலைமாட்டில் நாலைந்து நாடாவை அவிழ்த்து விட்டதும் முகம் வைக்க ஓட்டை கிடைத்தது. அதில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். கீழே சிவப்பு சிமெண்ட் தரை. இடது கண்ணில் கட்டு. வலது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்புதான்.

ஆட்களைக் கால்களை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டேன். நீல ரப்பர் செருப்பு வந்தால் ஜானகி டீச்சர். சில நாளில் ஒரு டம்ளர் ரசமும் கூடவே வரும். வெறும் காலில் மெட்டி தெரிந்தால் சரோஜா. டீச்சர் அவளை மாமி என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் மாமி என்றால் மாமா மனைவி. முதல் நாள் சரோஜா அந்த உறவு எப்படி வந்தது என்று யோசித்துக் குழம்பினாள். மறுநாள் அவளும் டீச்சரை மாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

சரோஜா எந்த நேரமும் தைரியமாகவே பேசினாள். எல்லாம் சரியாகிவிடும், டாக்டரம்மா முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்பாள். நான்தான் முகங்களைப் பார்க்க முடியாதவனாயிற்றே. அவள் சொல்வதை நம்பிக்கொண்டு கிடந்தேன். உள்ளுக்குள் பயம் குறையவில்லை. தும்மல் வந்தால் பயம், இருமல் வந்தால் பயம். தூக்கத்தில் புரண்டுவிடுவேனோ என்று சட்டையைக் கட்டில் சட்டத்தில் கட்டச் சொல்லியிருந்தேன்.

கடலில் புயல் சின்னம் இருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். ஜானகி டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார்த்திகை பிறந்தால் இதைத்தான் சொல்வார்கள், கடைசியில் நெல்லூர்ப் பக்கம் போய்விடும் என்றார். மறுநாள் காலையில் பள்ளிக்கு விடுமுறை விட்டபோதுதான் அவர் குரலில் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

எங்கள் ஊரிலும் மழைக்குக் குறைச்சல் இல்லை. மத்தியானம் சாய்ந்ததும் வரும், இடி இடிக்கும், கொட்டித் தீர்க்கும், விளக்கு வைப்பதற்குள் போய்விடும். வேலைக்கு வந்துபோகிற மனிதன் மாதிரி. இந்த மழை அப்படி இல்லை. காலையில் தொடங்கியது நேரம் ஆக ஆகப் பக்கவாட்டில் அடித்தது. காற்று ஜன்னல் கதவைப் பிடித்து இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. பார்க்க முடிகிறவனுக்குப் புயல் ஒரு காட்சி. குப்புறக் கிடக்கிறவனுக்கு அது சத்தம் மட்டும். எது உடைகிறது, எது விழுகிறது, எவ்வளவு பக்கத்தில் என்று ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு பெரிய முறிவுச் சத்தம் கேட்டது, கட்டில் அதிர்ந்தது. மின்விசிறி நின்றது. எதிர்வீட்டுத் தூங்குமூஞ்சி மரம் நம் காம்பவுண்டுச் சுவர்மேல் சாய்ந்துவிட்டது என்று சரோஜா சொன்னாள். நான் தலையைத் தூக்கிவிடாமல் இருக்கக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தரையின் மேல் ஒரு கறுப்புக் கோடு தோன்றியது. அது அசைந்தது. நல்ல கண்ணைத் தின்ற திரை இப்போது மந்தக் கண்ணுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். சரோஜாவைக் கூப்பிட்டு, தரையில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

அவள் குனிந்து பார்த்துவிட்டு, "எறும்புங்க. முட்டைய தூக்கிட்டுக் கட்டில் காலுல ஏறுதுங்க," என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. எறும்பு ஏன் ஏறுகிறது என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. குளியலறைப் பக்கம் தரை பளபளத்தது. அந்தப் பளபளப்பு மெதுவாக நீண்டு என் முகத்துக்குக் கீழே வந்தது. தண்ணீர் வருகிறது என்றேன். குடத்தைத் தட்டிவிட்டிருப்பேன் என்றாள் சரோஜா. அந்த வீட்டில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். குளியலறைச் சாக்கடை வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ, மேலே ஏரியைத் திறந்துவிட்டார்கள், ஆறு ஏறுகிறது என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அது நிஜமா வதந்தியா என்று கேட்க யாரும் நிற்கவில்லை.

நீலச் செருப்பு தண்ணீரில் சலசலவென்று வந்தது. "சார், பயப்படாதீங்கோ. எழுந்து மெதுவா மேல எங்காத்துக்கு வந்துடுங்கோ. கீழ ஏறிண்டே இருக்கு," என்றார் ஜானகி டீச்சர்.

மாடிப்படி வீட்டுக்கு வெளியே, திறந்தவெளியில் இருந்தது. வாசலைத் தாண்டியதும் காற்று என்னை ஒரு கை கொண்டு தள்ளியது. குனிந்த தலையோடு நின்று ஏறினால் விழுந்துவிடுவேன் என்று புரிந்தது. விழுந்தால் கண் போயிற்று. நான் முதல் படியில் முட்டி போட்டேன். இரண்டு கையையும் அடுத்த படியில் ஊன்றிக் குழந்தை மாதிரி தவழ்ந்து ஏறினேன். தவழ்கிறவனுக்குத் தலை தானாகவே கீழே பார்க்கும். டீச்சர் முன்னால் என் தோளைப் பிடித்திருந்தார். சரோஜா பின்னால் என் இடுப்பைத் தாங்கியிருந்தாள். படிகளில் மழைத்தண்ணீர் அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதியில் ஒரு தென்னை மட்டை பறந்து வந்து கைப்பிடிச் சுவரில் அறைந்தது. நிமிர்ந்து பார்க்கத் தோன்றாத மனிதன் இருப்பானா? கழுத்து தூக்கிக்கொள்ளப் பார்த்தது. சரோஜா என் பிடரியில் கை வைத்து அழுத்தினாள். அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

மாடியில் ஒரு மேஜைமேல் தலையணைகளை அடுக்கி, நெற்றியை அதில் சாய்த்து உட்காரவைத்தார்கள். அங்கே தரை சாம்பல் நிற மொசைக். அந்தச் சாயங்காலம்தான் கண்ணில் வலி தொடங்கியது. முதலில் ஊசி குத்துகிற மாதிரி. பிறகு கண்ணையே உள்ளிருந்து யாரோ ஊதிப் பெருக்குகிற மாதிரி. குமட்டியது. சரோஜா மாத்திரையைத் தேடினாள். அது கீழே அலமாரியில் இருந்தது.

நான் வேண்டாம் என்றேன். டீச்சர் தானே போவதாகச் சொன்னார். அதற்குள் சரோஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவள் காலடிச் சத்தத்தைத் தேடினேன். ஒன்றும் கேட்கவில்லை. கீழே ஏதோ உருண்டு தண்ணீரில் விழுந்தது. என் கண்ணைப் பற்றிய பயம் அப்போது எங்கேயோ போய்விட்டது. இருட்டில், ஆற்றுத் தண்ணீரில், நீச்சல் தெரியாத ஒரு பெண் என் மாத்திரைக்காக நிற்கிறாள் என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. டீச்சர் ஏதோ சுலோகத்தை முணுமுணுத்தார். பாதியில் நிறுத்திவிட்டு மாடிப்படிக்குப் போய்க் கூப்பிட்டார்.

கடைசியில் மெட்டிக் கால் இரண்டும் மொசைக் தரையில் வந்து நின்றன. புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவற்றைச் சுற்றிக் குளம் கட்டியது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"அலமாரி சாஞ்சு கிடந்துச்சு. அதான்," என்றாள். அவள் மாத்திரையை என் வாயில் வைத்தபோது விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

இரவைப் பற்றி எழுத விரும்பவில்லை. மாத்திரை வலியைக் கொஞ்சம் குறைத்தது, போக்கவில்லை. டெலிபோன் செத்துக் கிடந்தது. விடிகிற நேரத்தில் காற்று ஓய்ந்தது.

காலையில் ஜானகி டீச்சர் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிப் போய் வண்டி தேடினார். ஆட்டோ எதுவும் வரவில்லை. அவர் அழைத்துவந்தது மஸ்தானை. சைக்கிள் மிதித்து ஓட்டுகிற மீன்பாடி வண்டி அவருடையது. முன்னால் இரண்டு சக்கரத்தின்மேல் பலகைத் தட்டு, பின்னால் மிதிப்பவர் இருக்கை. ஆற்றங்கரை ஓரக் குடியிருப்பில் அவர் வீடு. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் அம்மாவையும் மனைவியையும் முகாமாக்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வண்டியை மட்டும் மேட்டில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கிறார். நான் பார்த்தது அவர் கால்களை மட்டும். வலது கட்டைவிரலில் நகம் இல்லை.

"ஆட்டோல்லாம் வராதும்மா, இஞ்சின்ல தண்ணி பூந்துரும்," என்றார் சரோஜாவிடம். "நம்ம வண்டில குப்புறப் படுக்க வச்சே இட்டுகினு போலாம். மீன் நாத்தம் கொஞ்சம் அடிக்கும். அத்தப் பாத்தா ஆவாது."

படியில் நான் இறங்கியதும் தவழ்ந்துதான், இந்த முறை பின்னோக்கி. பலகைமேல் டீச்சர் தன் மெத்தையை விரித்தார். நெற்றிக்குக் கீழே ஒரு தலையணை, தலை மட்டும் வண்டியின் முன்விளிம்பைத் தாண்டி வெளியே. மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. வீட்டைப் பார்த்துக்கொள்ள டீச்சர் நின்றுவிட்டார். சரோஜா ஒரு கம்பால் தண்ணீருக்குள் குழி பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆழமான இடங்களில் மஸ்தான் இறங்கித் தள்ளினார். பழுப்புத் தண்ணீர் என் முகத்துக்கு ஒரு முழம் கீழே பிளந்து வழிவிட்டது. படகின் மூக்கில் என்னைக் கட்டிவைத்தது போல இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணில் வலி வெட்டியது. கரண்ட் கம்பி அறுந்து தண்ணீரில் கிடக்கிறது என்று யாரோ சொல்லும்போதெல்லாம் மஸ்தான் நின்றுவிடுவார். அவருக்கும் பயம் என்பது அவர் மூச்சில் தெரிந்தது. பேசிக்கொண்டே இருந்தார். மலேசியாவில் இந்த மாதிரி அடிக்குமா என்று கேட்டார். இல்லை, அங்கே புயல் வராது என்றாள் சரோஜா. அப்புறம் ஏன் இங்கே வந்தீர்கள் என்றார்.

பாலத்தில் தண்ணீர் இல்லை, கூட்டம் இருந்தது. கீழே ஆறு ஓடிய சத்தம் ரயில் நில்லாமல் போகிற சத்தம் மாதிரி பலகை வழியாக என் மார்புக்குள் வந்தது. கூட்டம் பார்த்ததை நான் காதால் பார்த்தேன். ஒரு கூரை முழுசாகப் போகிறது என்றான் ஒருவன். ஒரு மாடு என்றான் இன்னொருவன், உயிரோடு இருக்கிறது என்றும் சொன்னான். பிறகு எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

"பாடியா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இல்ல நைனா, உயிரோட கீறாரு," என்றார் மஸ்தான். "கண்ணு ஆப்ரேசன். வழி வுடு."

நான் உயிரோடு இருப்பதைக் காட்டுவதற்காகக் கையை அசைத்தேன். யாரோ என் காலைத் தொட்டு, நல்லாயிடும் சார் என்றார்கள். பாலத்தை மூடப் போகிறோம், சீக்கிரம் போ என்று போலீஸ்காரர் மஸ்தானை விரட்டினார். அக்கரை சேர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பின்னால் விசில் சத்தம் கேட்டது. பாலத்தை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தண்ணீர் இல்லாத தெருக்கள் வந்தன. தார் தெரியவில்லை. தெரு முழுக்கப் பச்சை. வேப்பிலையும் புங்க இலையும் மழையில் ஒட்டி ஒட்டி, பச்சை ஜமுக்காளம் விரித்தது போலக் கிடந்தது. அதன்மேல் அங்கங்கே மஞ்சள் பூக்கள் இறைந்திருந்தன. வண்டிச் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. முறிந்த மரங்களின் பச்சை வாசனை மீன் நாற்றத்தை அமுக்கிவிட்டது. நல்ல நாளில் அந்த வாசனைக்காக மனிதன் காடு வரை போக வேண்டும். எனக்கு வலி உச்சத்தில் இருந்தது. கண் போய்க்கொண்டிருக்கிறது என்று உறுதியாகவே நினைத்தேன். இருந்தாலும் அந்தப் பச்சையிலிருந்து மந்தக் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசியாகத் தெரிவது இதுவாக இருந்தால் இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மயிலாப்பூரில் நேர் வழியை மரங்கள் அடைத்திருந்ததால் கோயில் மாட வீதி வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. அங்கே மறுபடி தண்ணீர், முழங்கால் அளவு. முன்னால் ஒரு கிளையை வெட்டி அகற்றிக்கொண்டிருந்தார்கள். மஸ்தான் வண்டியை நிறுத்திவிட்டு அவர்களுக்குக் கை கொடுக்கப் போனார். சரோஜா வண்டிக்கு நாலடி முன்னால் கம்பை ஊன்றி நின்றாள்.

வண்டி நின்றதும் தண்ணீரில் அலை அடங்கத் தொடங்கியது. முதலில் வெறும் வெளிச்சம் ஆடியது. பிறகு அது நீலமாயிற்று. ஒரு மேகம்கூட இல்லாத நீலம். அத்தனை நாளாக நான் வானத்தைப் பார்த்திருக்கவில்லை. இப்போது என் முகத்துக்குக் கீழே அது கிடந்தது, கைவிட்டால் தொடலாம் போல. அலை இன்னும் அடங்க, அந்த நீலத்துக்குள் கோபுரம் தலைகீழாக இறங்கி நின்றது. சிலைகள் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் படிப்படியாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அதன் நுனி எங்கே முடிகிறது என்று தெரியாத ஆழம். ஒரு காக்கை அதன் குறுக்கே பறந்து போயிற்று. கோடாலிச் சத்தம்கூட தூரத்தில் கேட்பது போல இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் மூச்சுப் பட்டு அது கலைந்துவிடக் கூடாது என்று.

கோபுரத்துக்குப் பக்கத்தில் சரோஜா நின்றிருந்தாள், அவளும் தலைகீழாக. அறுவைக்குப் பிறகு அவளுடைய கால்களைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "இதோ வந்துட்டோம்ங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒன்னும் ஆகாது," என்றாள். எப்போதும் போல நிதானமான குரல். சொல்லி முடித்ததும் முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்தாள், மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள், மறுபடி தோள்கள் குலுங்கின. அவளுக்குப் பின்னால் அந்த நீலமும் வண்ணமும் அசையாமல் நின்றன.

இத்தனை நாளும் அவள் தைரியத்தின்மேல் நான் படுத்திருந்தேன். அதற்குக் கீழே என்ன இருந்தது என்று அன்றுதான் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அதற்குள் மஸ்தான் திரும்பி வந்து வண்டியைத் தள்ளினார். எல்லாம் உடைந்து வெறும் பழுப்புத் தண்ணீர் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா நடந்தே வந்து சேர்ந்திருந்தார். சேறு படிந்த வெறும் கால்களைப் பார்த்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் நரம்பு செத்திருக்கும் என்றார். மெல்லிய ஊசியால் கொஞ்சம் காற்றை வெளியே எடுத்தார். தொண்டையை நெரித்த கையை யாரோ எடுத்துவிட்ட மாதிரி வலி இறங்கியது. வெளியே மஸ்தானைத் தேடிய சரோஜா அவர் போய்விட்டதாகச் சொன்னாள். பாலம் திறந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னாராம்.

மிச்ச நாட்களை ஆஸ்பத்திரியின் வெள்ளைத் தரையைப் பார்த்தே கழித்தேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, தயிர்சாதம் நன்றாக இருந்தது என்பதைத் தவிர.

நிமிரலாம் என்று சொன்ன அன்று நிமிரப் பயமாக இருந்தது. டாக்டரம்மாதான் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். கண்ணுக்குள் மிச்சமிருந்த குமிழி, மீன்தொட்டித் தண்ணீர் மாதிரி தளும்பியது. மேலே மிதக்கிற குமிழி பார்வைக்குத் தலைகீழாகக் கீழேதான் தெரியுமாம்; அதற்கு மேலே சுவரில் தொங்கிய அட்டையில் எழுத்துகள் தெரிந்தன. மேல் இரண்டு வரியை வாசித்தேன். இடது ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று கறுப்பாகவே நின்றது. அது திரும்பாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இன்றும் காலையில் விழித்ததும் ஒரு கண்ணை மூடி அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மஸ்தானைத் தேடிப் போனோம். குரலை வைத்து ஐம்பது வயது என்று நினைத்திருந்தேன். முப்பதுகூட இராது, ஒல்லியான ஆள். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் மார்பளவுக்கு இருந்தது. அவர் மனைவி அரிசியை வெயிலில் காயப் போட்டிருந்தார். மஸ்தான் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சார் ஒங்க மூஞ்சியே பாக்குறேன்," என்றார்.

நானும் அதையேதான் சொல்ல நினைத்திருந்தேன்.

கடைசி நாள் மாட வீதிக்குப் போனோம். தண்ணீர் வடிந்து, குப்பையும் மோட்டார் சைக்கிளுமாகத் தெரு பழையபடி இருந்தது. நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சிலைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன, அவற்றின்மேல் காக்கை எச்சமும் தெரிந்தது. அன்று பார்த்தது இது இல்லை என்று தோன்றியது. சரோஜாவிடம் அப்போதுதான் சொன்னேன்: தண்ணீரில் வானம் தெரிந்தது, கோபுரம் தெரிந்தது, அவளும் தெரிந்தாள் என்று.

அவள் முந்தானை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "கண்ணுல தூசி விழுந்துச்சு அன்னைக்கு," என்றாள்.

புயல் கழுவிவிட்ட ஊரில் தூசி ஏது என்று நான் கேட்கவில்லை. ஆமாம், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள், கண் கலங்கியது.

தெருவைக் கடக்க இறங்கினோம். எங்கிருந்தோ ஒரு பஸ் ஹார்ன் அடித்தது, பக்கத்தில்தான், ஆனால் எனக்குத் தெரியவில்லை. நான் நின்றுவிட்டேன். சரோஜா என் வலது பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கத்தில், அந்தக் கறுப்புக் கீற்று இருந்த இடத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.